வண்டி எடுக்கும் முன் ஓர் அரை நிமிடம்

வெள்ளிக்கிழமை காலை வைட்ஃபீல்டில் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அருள்தாஸின் மனைவி ரீட்டாவின் போன் வந்தது. “அண்ணா, டீ போட்டு வச்சேன். அவரு எழுந்துக்கல” என்றாள். இன்னும் தூங்குகிறான் என்று சொல்கிறாள் போலும் என்றுதான் என் மண்டைக்கு ஏறியது. “எழுப்பும்மா, லேட்டாகுதுல்ல” என்று சொல்லிவிட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி கன்னடத்தில் “ஏனாய்த்து சார்?” என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்ல எனக்கு எந்த பாஷையிலும் வார்த்தை வரவில்லை.

நம் சபையில் நீங்கள் எல்லோரும் தாஸ் அண்ணன் என்று கூப்பிட்ட அருள்தாஸை, சபைப் பத்திரிகைக்கு எழுதும் இதிலும் நான் அவன், இவன் என்றுதான் எழுத முடிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே காண்ட்ராக்டரிடம் ஆபீஸ் வண்டி ஓட்டி, நீலசந்திராவில் ஒரே சந்தில் குடியிருந்து, ஒரே பெஞ்சில் ஆராதனைக்கு உட்கார்ந்தவர்கள் நாங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதியவன் நான். அவனும் என்னைவிடப் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. ஆகவே இலக்கணப் பிழைகளை இருவர் கணக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. என் மகள் பிரின்சி நர்ஸிங் முடித்து இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் ஒரு வேலை அவளைத் தேடி வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். அவள் கேட்கும்போதெல்லாம் நான் “ஜெபிச்சுக்கினு இருக்கேன்மா” என்றேன். நம்மிடையே இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வது. தாஸிடம் போனால் அவன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் போக நினைத்தேன். கேள்வி என்னிடமே நின்றுவிட்டது.

அவனோடு முதன்முதலில் ஒரே வண்டியில் போன நாள் நினைவிருக்கிறது. என் வண்டி பிரேக் வேலைக்குப் போயிருந்ததால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஆட்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள், கதவும் சாத்தியாயிற்று. அவன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து அப்படியே இருந்தான். கண்ணைக்கூட மூடவில்லை. ஓர் அரை நிமிடம். பிறகு வண்டியை எடுத்தான். இன்னாப்பா, ஜெபமா, என்ன கேட்ட என்றேன். “ஒண்ணும் கேக்கல. அவரு ஏறிட்டாரான்னு பாத்தேன்” என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, ஆண்டவரைத்தான் சொன்னான். எனக்குத் தெரிந்து அந்த அரை நிமிடத்தை அவன் எந்த டிரிப்பிலும் விட்டதில்லை. சபைக்குப் பிக்னிக் வண்டி ஓட்டியபோதும் பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

நான் வேறு மாதிரி விசுவாசி. எனக்கு அடையாளம் வேண்டும். எங்கள் வீட்டு டிவிக்கு மேல் ரொட்டி வடிவத்தில், வேத வசன அட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் வாக்குத்தத்தப் பெட்டி இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இருக்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமா என்று ஜெபித்துவிட்டு ஓர் அட்டையை எடுத்தேன். பொறுமையாய் இரு என்பதுபோல் ஒரு வசனம் வந்தது. அது சாதாரண நாளுக்கான வசனம் என்று தோன்றியதால் உள்ளே வைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதுவும் சரியில்லை. பெட்டியைக் குலுக்கி, அடியில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது தாஸ் உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

“இன்னாடா ஸ்டீபா, ஆண்டவர்கிட்ட கேக்குறியா, இல்ல சொல்றியா?”

கேக்குறேன் என்றேன். “கேக்குறவன் பதில் வந்ததும் நிறுத்திப்பான்” என்று சொல்லிவிட்டு, என் மனைவி லில்லியிடம் காபி கேட்கப் போய்விட்டான். ஸ்கூட்டரை நான் வாங்கினேன். அது எப்படி ஓடியது என்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பாதி நாள் அதைத் தள்ளிக்கொண்டுதான் ஆராதனைக்கு வந்தேன்.

ஹெப்பகோடி வீட்டு விஷயமும் அப்படித்தான். நீலசந்திரா வீட்டில் மழைக்காலத்தில் கூரை ஒழுகும். ஹெப்பகோடியில் ஒரு புது வீடு வாடகைக்குக் கிடைத்தது. பார்க்கப் போகும் வழியில், சில்க் போர்டு சிக்னலில் நிற்காமல் பச்சையில் போனால் இது தேவ சித்தம் என்று பொருத்தனை போல ஒன்று பண்ணிக்கொண்டேன். அந்த சிக்னலைத் தெரிந்தவர்களுக்கு நான் கேட்டது எவ்வளவு பெரிய அற்புதம் என்று புரியும். போனேன். பச்சை. போலீஸ்காரரே கையை ஆட்டிப் போ போ என்கிறார். எனக்கு ஸ்டியரிங்கிலேயே கண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் தாஸிடம் சாட்சி சொன்னேன். அவன் அந்தப் பக்கம்தான் அன்று வண்டி ஓட்டியிருக்கிறான். “மந்திரி வராருன்னு ரோட்ட கிளியர் பண்ணாங்கடா. அந்தப் பச்ச மந்திரிக்கு விழுந்துது, உனக்கில்ல” என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, லில்லி என்ன சொல்கிறாள் என்று கேட்டான். நான் லில்லியைக் கேட்கவே இல்லை. சிக்னலைக் கேட்ட அளவுக்கு வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டேன். அவள் அம்மாவை விட்டு அவ்வளவு தூரம் வர மனமில்லாமல், அதைச் சொல்லவும் முடியாமல், பல நாளாகத் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தாளாம். நாங்கள் போகவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆவணி மாத மழையில் பக்கெட் வைக்கும்போது மட்டும் தாஸ்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

சபைக்கு வெள்ளையடித்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. நீலம்தான் அடிக்க வேண்டும் என்று ஆண்டவர் ஒருவரிடம் பேசியிருந்தார். க்ரீம் கலர் என்று இன்னொருவரிடம் பேசியிருந்தார். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள் என்பதால் பெயர் வேண்டாம். சீட்டுப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ நான்தான். அப்போது தாஸ் எழுந்து, அடிக்க யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டான். வந்தவர்கள் கலர் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டவர் எனக்குச் சொன்னார் என்று அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “எனக்கு இப்படித் தோணுது. தப்பா இருந்தா அவரு திருத்துவாரு” என்பான். அதுதான் அவன் சொல்லும் அதிகபட்சம்.

அவன் மகள் ஷீபாவுக்கு மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை. அவளை விமான நிலையத்தில் விட நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது தாஸ் முகம் சுருங்கிப்போய் வண்டி ஓட்டினான். டோல்கேட் தாண்டியதும் நான் நம் வழக்கப்படி, மனசுல சமாதானம் இருக்குதா என்று கேட்டேன். ஒரு முடிவு தேவனிடமிருந்து வந்ததா என்று பார்க்க நமக்குத் தெரிந்த ஒரே தராசு அதுதானே. இருக்குது என்றான். அப்புறம் ஏன்டா மூஞ்சி இப்படி இருக்குது என்றேன். வலிக்குது என்றான். ரெண்டும் எப்படிடா இருக்கும் என்று விடாமல் கேட்டேன்.

“ஒரே வண்டியில ரெண்டு சீட்டு இருக்குதுல்ல” என்றான்.

அன்று அது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஏதோ டிரைவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். ஷீபா போன பிறகு அவன் எப்போதும்போலத்தான் இருந்தான். சரியாகக் கேட்டு முடிவு எடுத்தவன், அவனுக்கென்ன குறை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவன் அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஷீபாவுக்காகக் காத்திருந்தோம். அவள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து இறங்கினாள். பெட்டியின் கைப்பிடியில் சுற்றிய விமானச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அப்பா என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். எனக்கு உள்ளே ஒரு குரல், பாத்தியா ஸ்டீபா, இதுதான் அடையாளம், தூரத்துக்கு அனுப்பினால் இப்படித்தான் பெட்டியோடு வந்து பெட்டியைப் பார்ப்பாள் என்றது. மூன்றாம் அட்டைக்குத் தேவையே இல்லை. திங்கட்கிழமைக்கு என் பதில் தயாராகிவிட்டது. என் பக்கத்தில் பிரின்சி நின்றாள். அவளைப் பார்க்காமல் கல்லறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு லில்லி, பிரின்சியோடு ஷீபாவிடம் போனேன். ஆறுதல் சொல்லத் தெரியாத நான், போனதுக்கு வருத்தப்படுறியாம்மா என்று கேட்டுவைத்தேன். லில்லி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஷீபா கோபப்படவில்லை.

“நேத்து வெள்ளிக்கிழமை, அங்கிள். எனக்கு லீவு. அப்பா போனுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். அம்மா பேசுனாங்க” என்றாள். கொஞ்சம் நின்று, “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசுவாரு. பேசி முடிக்கும்போது அழுவாரு. ஆனா வந்துடுன்னு ஒரு நாளும் சொல்லல” என்றாள்.

தாஸ் அழுவானா? எனக்குத் தெரியாது. தினமும் அவனோடு டீ குடித்த எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் என் எதிரே உட்கார்ந்து, மந்திரிக்கு விழுந்த பச்சையைப் பற்றிப் பத்தாவது முறையாக என்னைக் கலாய்த்தவன், முந்தின நாள் அழுதிருக்கிறான். தேவனிடம் சரியாகக் கேட்டுவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று இத்தனை வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மனசு கனத்தால் அது அவர் சித்தமில்லை என்றே தீர்ப்பு எழுதிவந்தேன். இரண்டு சீட்டு என்று அவன் சொன்னது அங்கே, கல்லறை வாசலில்தான் எனக்கு உறைத்தது. இப்போது புரிந்துவிட்டது என்று போய்ச் சொல்ல ஆள் இல்லை. இதைவிட அவன் எனக்குத் தேவைப்பட்ட நேரம் இருந்ததில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிரின்சியை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். உள்ளே எங்கள் பெஞ்சில் அவன் இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்களாகவே விட்டிருந்தீர்கள். நன்றி.

நீ ஆண்டவரைக் கேட்டியாம்மா என்றேன். கேட்டேன் என்றாள். என்ன தோன்றுகிறது என்றேன். போகத்தான் தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது என்றாள். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நான் எங்கே கேட்டேன் என்று அடக்கிக்கொண்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்குது, போயிட்டு வா என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று லில்லிக்குத்தான் தெரியும். அவள் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரின்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தாஸ் அங்கிள் மாதிரி நீங்களும் வெள்ளிக்கிழமை அழுவீங்களாப்பா?”

“பின்ன?”

“அங்க லீவு ஞாயித்துக்கிழமைப்பா.”

“சரி, அப்ப ஞாயித்துக்கிழம அழுவுறேன்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமைதானே, கணக்கு சரியாகிவிட்டது.

அவனிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அவன் ஜெபங்கள் எனக்கு மனப்பாடம் இல்லை, சத்தமாக ஜெபித்தால்தானே. வாக்குத்தத்தப் பெட்டி இன்னும் டிவிக்கு மேல்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லை, ஒரு நாளைக்கு ஓர் அட்டை என்று ஒப்பந்தம். மிச்சமிருப்பது அந்த அரை நிமிடம்தான்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் எல்லோரும் ஏறினார்கள். கதவைச் சாத்தினேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முன் சீட்டில் இருந்த பெண், “எல்லாரும் வந்தாச்சே, யாருக்குண்ணா வெயிட் பண்றீங்க?” என்றாள்.

யாருக்குக் காத்திருந்தேனோ அவர் ஏறியிருப்பார் என்று நம்பினேன். தாஸ் ஏறவில்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கியரைப் போட்டேன்.