மேட்டோடு ஒட்டிய குசினி

மழை பெய்த மறுநாள் காலையில் இரகுநாதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுச் சமையலறையான குசினிக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைவார். நேராக நுழைந்தால் வயிறு இடிக்கும். ஒரு பக்கம் குசினிச் சுவர், மறுபக்கம் வெட்டிய மண்மேடு, இடையில் ஒரு சின்ன வடிகான். இரவில் மேட்டிலிருந்து வழிந்த சேறு கானை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஓட்டைத் தாச்சிச் சட்டியால் அதை வழித்து வாளியில் போட்டபடி, "வாரும் மகாராசா, போன கிழமையும் வந்தனீர்தானே" என்று சேற்றோடு கதைப்பார். பிறகு கால் கழுவி, காற்சட்டை போட்டுக்கொண்டு பிரதேச சபைக்குப் போவார். மற்றவர்கள் மேட்டோடு ஒட்டி வீடு கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவருடைய வேலை.

பதுளையில் வீடு கட்டுகிற எவருக்கும் அவரைத் தெரியும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், சனங்களுக்கு 'டீ.ஓ. ஐயா'. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு கும்பிடு, அடுத்த நிமிடம் ஆள் பின்பக்கத்தில் நிற்பார். கல்யாண வீடும் அப்படித்தான், செத்த வீடும் அப்படித்தான். அக்கா மகனுக்குப் பெண் பார்க்க லுணுகலைக்குப் போன இடத்தில், அந்த வீட்டு மதிலை விரல்மொட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்திவாரம் காணாது" என்று சபையிலே சொல்வதைப் போல உரக்கச் சொல்லிவிட்டார். சம்பந்தம் அதோடு சரி. "பொம்பிளை எப்பிடி எண்டு அக்கா கேட்டவ. நான் மதிலைத்தானே பாத்தனான்" என்று இன்றைக்கும் அந்தக் கதையை அவரே எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

தன்னைப் பற்றிச் சிரிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, இங்கேயே காணி வாங்கிய காலத்தில், மேசன் தம்பையா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஐயா, ரோட்டோரமா வச்சு, படிப்படியா எறக்கிக் கட்டுவோமுங்க. மலையத் தொட வேணாம்." இரகுநாதன் கேட்கவில்லை. முற்றம் இல்லாமல் வீடு என்ன வீடு? முன்னால் முற்றம் விட்டு, வீட்டைப் பின்னுக்குத் தள்ளி, இடம் போதாமல் மலையை வெட்டினார். அப்போதைய விதி அதைத் தடுக்கவில்லை. அவர் விதியை வாசித்துவிட்டுத்தான் வெட்டினார். "நான் தட்டை நிலத்தில பிறந்தவன், கண்டியளோ. மலையைக் கண்டால் எனக்குப் பக்கத்து வீட்டு மதில் மாதிரித்தான் தெரியும்." அந்த முற்றத்தில் இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கர வண்டி நிற்கிறது.

சிரிக்காதவர் ஒருவர்தான், அவருடைய மனைவி விஜயலெட்சுமி. கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் ஆட்களோடு புதைந்தபின் மண்மேட்டைப் பற்றிய எந்தப் பகிடிக்கும் அவர் முகம் அசைவதில்லை.

இந்த வருடம் சபை தன் பழைய வீட்டு விதிகளை நாட்டின் பொதுத் தரத்துக்கு ஏற்பத் திருத்தியது. தமிழில் விளக்கம் சொல்லும் பொறுப்பு இரகுநாதனுக்கு. மண்டபத்தில் எழுந்து நின்று, "மேடு எவ்வளவு உயரமோ, வீட்டுச் சுவர் அவ்வளவு தூரம் தள்ளி நிக்க வேணும். முட்டுற மாட்டைக் கண்டால் கயித்து நீளத்துக்குத் தள்ளி நிப்பம்தானே, அது மாதிரி" என்றார். சனங்களுக்கு விளங்கியது. இடியப்பம் அவித்து விற்கும் ஸைனப் பின்வரிசையிலிருந்து கையை உயர்த்தினார்.

"சேர், ஒங்கட ஊட்டுக் குசினியும் மேட்டோட ஒட்டித்தானே ஈக்குது? நான் இடியப்பம் கொண்டு வாரப்போ பாத்தீக்கிறன்."

"ஓமோம். பிழையாக் கட்டுறது எப்பிடி எண்டு பாக்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டுக்கு வாங்கோ. இலவசம்."

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். பழைய வீடுகளை உடனே இடிக்கச் சொல்லக்கூடாது, கொஞ்சக் காலம் கொடுக்க வேண்டும் என்றும் இரகுநாதன் வாதாடினார். இல்லாததுகள் திடீரென்று எங்கே போகும்? நியாயம்தான், சபை ஏற்றுக்கொண்டது. அந்தச் சலுகைக்குள் தானும் வசதியாக உட்கார்ந்திருப்பது படியிறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் மனம் இலேசாகிவிட்டது. வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் விஜயலெட்சுமி சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

"விஜி, எங்கட குசினி தப்பிச்சுது. பழைய வீடுகளுக்கு அவகாசம் குடுத்தாச்சு."

"யாரு குடுத்தா?"

"சபைதான்."

"மேட்டுக்குச் சொல்லிட்டாங்களா?"

"மேட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புவம். மூண்டு பாசையிலயும்."

விஜயலெட்சுமி அகப்பையை வைத்துவிட்டு மேட்டுப் பக்கச் சுவரைக் காட்டினார். போன மழைக்கு இடுப்பளவு ஏறியிருந்த ஈரம் இப்போது தோளைத் தொட்டிருந்தது. அதன் மேல் நுனியிலிருந்து மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு கூரைப் பக்கம் போயிற்று.

"இது புதுசுங்க."

"பூச்சு வெடிப்பு" என்றார் இரகுநாதன். வேறொருவர் வீடென்றால் இந்நேரம் தட்டிப் பார்த்திருப்பார். இந்த வெடிப்பை அவர் முந்தாநாளே கண்டிருந்தார். கண்டும் கை போகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். புருஷனா பதில் சொல்ல வேணாம், டீ.ஓ.வா சொல்லுங்க. இது ஸைனப்பு வீட்டுக் குசினின்னு வச்சுக்கங்க. அவங்க இங்க நின்னு ஒல வைக்கலாமா, கூடாதா?"

ஸைனப் உலை வைக்கமாட்டா, இடியப்பம்தான் அவிப்பா என்று ஒரு பகிடி அவர் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. வாழைப்பழத்தை மேசையில் வைத்தார். குனிந்து சிலிண்டரின் திருகை மூடினார். அடுப்பில் நெருப்பு நீலமாகச் சுருங்கி அணைந்தது. குழாயைக் கழற்றி, நேற்றுத்தான் மாற்றிய முழுச் சிலிண்டரை முக்கி முனகித் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"ஐயோ, என்னாங்க இது? சோறு பாதிதான் வெந்திருக்கு. எங்க கொண்டு போறீங்க?"

இரகுநாதன் கதவைக் காலால் தள்ளித் திறந்து, மேட்டுக்கு எட்டாத முன்னறைப் பக்கம் போனார்.