கேட்சரின் விரல்கள்

துபாய் பேஸ்பால் மைதானத்தில் ஆட்டத்தைப் படமெடுக்கும் வேலையில் எனக்குப் பக்கத்துக் கேமராவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். நிலையாக நிற்கமாட்டார்; கால் மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் ஓர் அணியின் மேலாளர் வந்தார். எதிரணியில் பந்தைப் பிடிக்கும் கேட்சர், எறிபவருக்கு விரலால் காட்டும் சைகையைப் படமெடுத்து உடனே தன் போனுக்கு அனுப்பும்படி யாழ்ப்பாணத்துக்காரரிடம் சொன்னார். அடுத்து வரப்போகும் பந்து எதுவென்று அவரது மட்டையாளர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

“ஏலாது” என்றார் இவர்.

மேலாளர் போனதும், “அண்ணே, விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்க” என்றேன்.

“எனக்கும் பயம்தான் தம்பி. எண்டாலும் கள்ளத்துக்கு இந்தக் கேமராவைத் திருப்ப ஏலாது.”

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. அவருடைய கேமராவை எனக்குக் கொடுத்தார்கள். அதே மேலாளர் வந்து கேட்டார். நான் அனுப்பினேன்.

இன்றும் துபாயின் தேரா கடைத்தெருவில் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் திடுக்கிட்டுத் திரும்புகிறேன், அவராக இருந்துவிடக் கூடாதே என்று.