விண்டோஸ் இல்லாத பெட்டி

“ரோட்டுல ஓடாத வண்டிய வாங்கிட்டு வந்து, டிரைவருன்னு சொல்லிக்கிட்டுத் திரியப்போறியாட்டி?”

என் தாய்மாமா இப்படிக் கேட்டபோது நான் லேப்டாப்பைப் பையிலிருந்து முழுதாக வெளியே எடுத்திருக்கக்கூட இல்லை. இதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்று வேறொன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தேன். இலவசம் என்றதுமே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

மாமாவுக்குத் தாராவியில் எம்பிராய்டரிப் பட்டறை. கீழே ஒருவருடைய பிளாஸ்டிக் கோடவுன். இரும்பு ஏணிப்படி ஏறினால் மாமாவின் மெஷின். வரிசையாக ஆறு தலைகள். ஒரே டிசைனை ஒரே நேரத்தில் ஆறு துணிகளில் தைக்கும். தைத்து முடித்த துணிகள் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். பின்பக்கம் தொங்கும் நூல்களை வெட்டுவது அம்மாவின் வேலை. தாகா கட்டிங் என்பார்கள். எங்கள் வீட்டுச் சோற்றில் என்றைக்காவது ஒரு சிவப்பு நூலோ பச்சை நூலோ கிடக்கும். நாங்கள் அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, மாட்டுங்காவில் பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

செம்பூரில் வேலை பார்த்ததால் மாமாவின் பென் டிரைவும் என் பையில்தான் போகும், வரும். அங்கே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் பஞ்சிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். நாம் படத்தைக் கொடுத்தால், ஊசி எங்கே குத்த வேண்டும், எந்தப் பக்கமாக நகர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினுக்குப் புரிகிற ஃபைலாக மாற்றித் தருபவர். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டர் கையில் தருவது மெஷின் ஃபைலை மட்டும்தான். அவர் வரைந்த ஒரிஜினல் அவரிடமே இருக்கும். மெஷின் ஃபைலை வைத்துத் தைக்கலாம், அவ்வளவுதான். ஒரு பூவில் இதழ் கூட்ட வேண்டுமா, மயிலைக் கொஞ்சம் சின்னதாக்க வேண்டுமா, மறுபடியும் செம்பூர், மறுபடியும் அந்த மாடிப்படி, மறுபடியும் காத்திருப்பு.

ஒருநாள் நான் அவரிடம் ஒரிஜினலையே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மிட்டாய்க் கடையில் ஜிலேபிதான் விற்பார்கள் மகளே, கடாயை விற்கமாட்டார்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தார். கடாய் எங்கே கிடைக்கும் என்று அன்றைக்கே ரயிலில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது. எம்பிராய்டரி வரைவதற்கென்றே ஒரு புரோகிராம், இலவசமாக. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக்கூட மூடி வைக்காமல் எழுதியவர்களே வெளியே போட்டிருந்தார்கள். விருப்பமுள்ளவர்கள் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர்தான் என்னிடம் இல்லை.

மாட்டுங்காவில் ஆபீஸ்களிலிருந்து கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்கும் கடை ஒன்று உண்டு. என் கைக்கு எட்டிய விலையில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் லினக்ஸ் போட்டிருந்ததால் யாரும் தொடவில்லை என்று கடைக்காரரே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கவலைப்படாதே, காப்பி விண்டோஸ் ஒன்று ஏற்றித் தருகிறேன், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார். எங்கள் சந்தில் இருப்பவர்கள் கையில் புதுப் பொருளைப் பார்த்தால் பில் எங்கே என்று கேட்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நான் திருட்டுச் சரக்கில் தொழில் தொடங்கமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். உபதேசம் கேட்கவா கடை திறந்து வைத்திருக்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆனால் பில் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் மாமா வண்டிக் கதையைச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விடவில்லை.

“ஒன் பொட்டில போட்ட டிசைன் என் மெஷின்ல ஒழுங்கா ஓடட்டும், நான் ஒத்துக்கிடுதேன். ஓடலன்னா அத வித்துட்டு, பேசாம பில்லு போட்டுக்கிட்டு இருக்கணும். சரியா?”

அம்மாவின் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. நான் சரி என்றேன். மாமா பட்டறைக்குப் போன பிறகு அம்மா எழுந்து லேப்டாப் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். திறந்தால்தானே வேலை செய்யும் என்று திரையின் ஓரத்திலும் ஒரு பொட்டு. அது இன்னும் இருக்கிறது.

முதல் சில வாரங்கள் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒத்துப்போகவில்லை. கல்லூரி லேபில் பழகிய எதுவும் பழகிய இடத்தில் இல்லை. சில வேலைகளுக்குக் கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் கட்டளை அடிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, கெட்டுப்போச்சா என்று உண்மையான அனுதாபத்தோடு கேட்பாள். எம்பிராய்டரி புரோகிராமை ஏற்றினால் மெனுவில் வரவே இல்லை. வேறு வழியில்லாமல், அதைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி போட்டேன். ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். நீ எந்த ஏரியா, என்ன படித்தாய், உன் அப்பா என்ன செய்கிறார் என்று அவர் கேட்கவில்லை. எந்த வெர்ஷன் என்று மட்டும் கேட்டார். அதையெல்லாம் கேட்காமல் ஒருவர் என்னிடம் பேசத் தொடங்கியது அதுவே முதல் தடவை. மறுநாள் மெனுவில் புரோகிராம் வந்துவிட்டது.

கணபதி சீசன் நெருங்கியபோது எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் பிள்ளையார் வைக்கும் மண்டலுக்கு, அதாவது விழாக் குழுவுக்கு, மாமா டி-ஷர்ட் ஆர்டர் எடுத்திருந்தார். நெஞ்சில் ஒரு வட்டம், அதற்குள் பிள்ளையார் முகம். மாஸ்டர் போட்ட ஃபைல், நன்றாகவே ஓடியது. கடைசி நேரத்தில் மண்டல்காரர்கள் வந்து, மேளம் அடிப்பவர்களுக்குத் தொப்பியும் வேண்டும், அதே படம் சின்னதாக என்றார்கள். மாஸ்டர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். வந்து பார்க்கிறேன், அதுவரை நிறுத்தி வை என்று போனில் சொல்லிவிட்டார்.

பிள்ளையார் காத்திருப்பாரா? எங்கள் பட்டறைக்காரர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் எதைச் செய்வார்களோ அதையே மாமாவும் செய்தார். மெஷினில் இருக்கும் பட்டனைத் தட்டி, டி-ஷர்ட் ஃபைலையே பாதியாகச் சுருக்கிவிட்டார். படம் சுருங்கும், ஆனால் குத்துகள் குறையாது. பெரிய பிள்ளையாருக்கு எத்தனை குத்தோ அத்தனையும் சின்னப் பிள்ளையார் மேல் விழும். நூல் அறுந்தது. மறுபடி கோர்த்தார், மறுபடி அறுந்தது. ஓர் ஊசி உடைந்து சுவரில் போய்த் தெறித்தது. கழற்றிப் பார்த்தால் தொப்பியின் முன்பக்கம் கட்டைபோல விறைத்துவிட்டது. மண்டல் தலைவன் அதைத் தட்டிப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டலாம், ஹெல்மெட்டே வேண்டாம் என்றான். நாளைக்குள் ஆகாவிட்டால் மொத்த ஆர்டரையும் வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். மாமா என்னைக் கேட்கவில்லை. நானாகவே பட்டறைக்குப் போய், தொப்பிக்கு நான் போடுகிறேன் என்றேன்.

“போடு. என்ன பேசியிருக்கோம்னு ஞாபகம் இருக்குல்லா?”

இருந்தது. காலையிலிருந்து மதியம்வரை வரைந்தேன். மாஸ்டரின் படத்தைப் பார்த்து வரையவில்லை. மண்டலின் பழைய பேனரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்து, தொப்பிக்கு ஏற்றபடி முகத்தைக் குறைத்து, கோடுகளைக் குறைத்து, புதிதாகப் போட்டேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மெஷின் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஃபைலை ஏற்றுக்கொண்டது. விண்டோஸா லினக்ஸா என்று அது கேட்கவில்லை.

ஆனால் தைத்து வந்தது வட்டமாக இல்லை. முட்டையாக இருந்தது. முகத்துக்கும் அதைச் சுற்றிய கோட்டுக்கும் நடுவில் வெள்ளைத் துணி பல்லைக் காட்டியது. மண்டல் பையன்களில் ஒருவன், பிள்ளையாருக்கு யாருமே கொழுக்கட்டை வைக்கலயா, இப்படி மெலிஞ்சுட்டாரே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, நாளைக்கு மாட்டுங்காவுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றார்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அழுவதற்கு முன்னால் பள்ளி ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலை எடுத்து அளந்தேன். மேலிருந்து கீழே வட்டம் சரியான அளவில் இருந்தது. பக்கவாட்டில்தான் குறைந்திருந்தது. தையல் ஓடியதும் பக்கவாட்டில்தான். அம்மாவின் மூட்டையிலிருந்து வேறு துணிகளை உருவி அளந்தேன். எல்லாவற்றிலும் நூல் ஓடிய திசையில் துணி இறுகியிருந்தது. நூல் துணியைத் தன் பக்கம் இழுக்கிறது. இத்தனை நாளும் நான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை சுருங்காது, துணி சுருங்கும். எவ்வளவு இழுக்குமோ அவ்வளவைக் கூட்டி வைக்க என் புரோகிராமிலேயே ஓர் இடம் இருந்தது. அதில் நான் பூஜ்யத்தை விட்டு வைத்திருந்தேன்.

திருத்த ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. ஒரிஜினல் என் கையில் இருந்தது. அதைத் திறக்க நான் எந்த மாடிப்படியும் ஏற வேண்டியிருக்கவில்லை.

மாமா மெஷினைப் போட மறுத்தார். இரண்டு தொப்பி ஏற்கெனவே வீண், ஊசி வீண் என்றார். எனக்குப் பின்னால் ஏணிப்படியில் அம்மா ஏறி வந்திருந்தாள். கையில் கத்தரிக்கோலோடு.

“ஒரு தொப்பிதானல. போடு. மெஷினு என்ன தேஞ்சா போவும்?” என்றாள் தம்பியிடம்.

போட்டார். முதலில் முகம், பிறகு தும்பிக்கை, கடைசியாக வட்டம். நூல் ஒருமுறைகூட அறவில்லை. மாமா தொப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், விரலால் அழுத்தினார். மீதி ஐந்து தலைகளிலும் தொப்பி மாட்டினார். மண்டல் பையன்களை டீ வாங்கி வர அனுப்பினார். இவளுக்கும் ஒன்று சொல்லு என்றார். என் மாமா ஒத்துக்கொள்வது அப்படித்தான் இருக்கும். நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த டீயை முழுதாக, நின்று நிதானமாக, அவர் எதிரிலேயே குடித்தேன்.

மாஸ்டர் ஊரிலிருந்து திரும்பியதும் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. மாமாவுக்குப் போன் செய்து, என் ஃபைலை யார் உடைத்து மாற்றியது என்று சத்தம் போட்டார். மாமா போனை என்னிடம் நீட்டினார். நான் ஹிந்தியில்தான் பேசினேன். உடைப்பதற்கு உங்கள் ஒரிஜினலை நீங்கள் எனக்குத் தந்ததே இல்லையே மாஸ்டர்ஜி, இது நான் வரைந்தது, சந்தேகமாக இருந்தால் என் ஒரிஜினலையே அனுப்புகிறேன், திறந்து பாருங்கள் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

அதன் பிறகுதான் எனக்கும் மாமாவுக்கும் உண்மையான சண்டை வந்தது. மண்டல்காரர்களுக்கு மெஷின் ஃபைலை மட்டும் கொடு என்றார் அவர். ஒரிஜினலைக் கொடுத்தால் அடுத்த வருஷம் எவனிடமோ போய்விடுவார்கள், இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் பிழைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எவரோ மூடி வைக்காமல் கொடுத்ததில் கற்றுக்கொண்டுவிட்டு, நான் மட்டும் மூடி வைப்பதா?

“போனா போட்டும் மாமா. நல்லா போட்டாத் திரும்பி வருவாவ. வரலன்னா நான் இன்னும் நல்லாப் போடணும்.”

மண்டல் தலைவனின் பென் டிரைவில் இரண்டையும் ஏற்றிக் கொடுத்தேன். அவனுக்கு எது எது என்று தெரியவில்லை. இது ஜிலேபி, இது கடாய் என்று சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் செம்பூர் கடையில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று பட்டறை ஏணிப்படிக்கு மேலே தமிழிலும் ஹிந்தியிலும் ஒரு பலகை மாட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மாமாதான் ஆணிகளை எடுத்துக் கொடுத்தார். எம்பிராய்டரி டிசைன் போட்டுத் தரப்படும், ஒரிஜினல் ஃபைலும் உங்களுக்கே என்று அதில் எழுதியிருக்கிறது.