றிஸான் மச்சானிடம் இருந்த ஒரு கேள்வி

என் மூத்த சகோதரி றுமானா ராத்தாவின் கணவர் றிஸான் மச்சான் பொறாமைக்காரர். நான் புறம் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரே அதை மறைப்பதில்லை. காத்தான்குடியில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில், ராத்தா விரும்பிக் கேட்கும் வானொலி அறிவிப்பாளர் மூக்கால் பேசுகிறார் என்று கண்டுபிடித்தார். பிறகு அவளுடைய பாடசாலை அதிபர், பழைய மாணவர்கள், அவள் மடியில் ஏறிப் படுத்த கடுவன் பூனை என்று எல்லோரிலும் ஏதாவது குறை இருந்தது.

எங்கள் ஊரில் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து வாழ்வார். ஆகவே கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவதும் மாப்பிள்ளைதான். றிஸான் மச்சான் பையில் இரண்டு சாரனைத் திணித்துக்கொண்டு ஏறாவூருக்குப் போவார். ராத்தா தேடிப் போகமாட்டாள். சில நாட்களில், பிரிட்ஜ் திருத்துகிற சாமான் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்.

அவர் ஏறாவூரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்தவர் அங்கே முஸ்லிம்களைக் கொன்றதில் வாப்பாவை இழந்தபோது அவருக்கு மூன்று வயது. வாப்பாவின் முகம் நினைவில்லை. உம்மா இடியப்பம் அவித்து விற்றுப் படிக்கவைத்தார். கட்டாருக்குப் போய் பிரிட்ஜும் ஏசியும் திருத்தப் பழகி, பத்து வருடத்துக்கு மேல் உழைத்து, ஒரு ஓட்டோவும் கொஞ்சம் முதுகுவலியுமாக ஊர் திரும்பினார்.

"பொறாமை எப்ப படிச்ச நீங்க?" என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்.

"பெருநாள் தொழுகைக்குப் போகக்குள்ள" என்றார், பகிடியில்லாமல். "மத்தப் புள்ளைகள் வாப்பாட விரலப் பிடிச்சிட்டுப் போவாங்க. நான் பின்னால பார்த்துப் பார்த்துப் போவன்."

நானும் ஏழு வருடம் நாடு நாடாகத் திரிந்து, ஹோட்டல் சமையலறைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்து, போன வருடம்தான் வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அத்தனை ஊரிலும் நான் யாருடன் பேசுகிறேன், எப்போது திரும்புகிறேன் என்று ஒருவரும் மனம் எரிந்ததில்லை. ராத்தாவுக்காக ஒருவர் இவ்வளவு எரிவதைப் பார்க்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் எரிந்தது.

இந்த வருடம் மட்டக்களப்பில் ஒரு வாசகர் வட்டம் விவாத அரங்கு வைத்தது. தலைப்பு: "யுத்தத்தை முடிப்பதற்காக அணுகுண்டு போட்டது நியாயமே." ராத்தா வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு 'நியாயமே' விழுந்தது. 'நியாயமல்ல' என்று பேச வேண்டியவர் துசாந்தன். மாங்கேணி ஆள், நகரத்தில் ஆசிரியர், வயதில் ராத்தாவைவிட இளையவர், வாட்டசாட்டமானவர். கடைசித் தகவலை மச்சானிடம் சொன்னது நான்தான். சொல்லியிருக்கக் கூடாது.

இருவரும் முதல் சந்திப்பிலேயே ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ராத்தா அதை வீட்டில் வந்து சொன்னாள். "எங்கட சண்டைய மேடைக்குக் கொண்டு வாறல்ல. தொண்ணூறும் வேணாம், வாகரையும் வேணாம். ஜப்பான் மட்டும்." துசாந்தனின் அண்ணன் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வாகரைப் பக்கம் காணாமல் போனவர். மண்டபத்தில் இருக்கப்போகும் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். மட்டக்களப்பில் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் ஒரே மேடையில் யுத்தம் பற்றிப் பேசுவதற்கு வேறு வழி இல்லை.

சிக்கல் வட்ஸ்அப்பில் தொடங்கியது. ராத்தா அடுப்படியில் நின்றாள். கைப்பேசி மேசையில் இருந்தது. துசாந்தனின் குரல்பதிவின் கடைசித் துண்டு மட்டும் மச்சானின் காதில் விழுந்தது: "நீங்க ஓமெண்டு சொல்லுங்க ரீச்சர். நான் முடிக்கிறன்."

எங்கள் ஊரில் முடிக்கிறது என்றால் கலியாணம் முடிக்கிறதுதான்.

"என்னத்த முடிக்கப் போறானாம்?" என்று மச்சான் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"பேச்ச! முதல்ல நான் பேசி, கடைசியில அவர் பேசி முடிக்கிறதாம். அதுக்கு ஓமெண்டு சொல்லட்டாம்."

"அத அப்பிடிச் சொல்ல வேண்டியதுதானே. நீ ஒண்டும் அவனுக்கு ஓம் சொல்ல வேணாம்."

"அல்லாஹ்வே, இந்த மனிசன்!" என்று ராத்தா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் பையைத் தூக்கவும் இல்லை. யூரியூப்பைத் திறந்தார். அடுத்த நாளிலிருந்து, திருத்த வந்த பிரிட்ஜின் பின்னால் குந்தியிருந்தபடி ஹிரோஷிமா, நாகசாகி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துசாந்தனுக்குப் பதிலாகத் தானே ராத்தாவுடன் விவாதிப்பது என்று முடிவெடுத்துவிட்டார்.

"நீ ஹிரோஷிமாவுக்குப் போனதுதானே புள்ள, அங்க எப்பிடி?" என்று என்னிடம் கேட்டார்.

"சாதாரண ஊர் மச்சான். ஆத்தங்கரை. ட்ராம் ஓடுது. குண்டில எரிஞ்ச சாமான் வச்சிரிக்கிற நூதனசாலைக்குள்ள மட்டும் ஒருத்தரும் கதைக்கிறல்ல."

"குண்டு போட்டவனத் திட்டி எழுதியிரிக்கா?"

"நான் காணல்ல."

அது அவரை நெடுநேரம் யோசிக்கவைத்தது. பிறகு ராத்தாவிடம் போனார். "ஆளில்லாத இடத்தில ஒண்டப் போட்டுக் காட்டியிருக்கலாம்தானே?"

"வெடிக்காமப் போனா? எதிரி பயந்திருப்பானா, சிரிச்சிருப்பானா? இத துசாந்தன் சேர் போன கிழமையே கேட்டுட்டாரு."

"ரெண்டாவது குண்டு? முதல் குண்டுக்குப் பிறகு யோசிக்க மூணு நாள்தானே குடுத்த?"

"அதையும் சேர் கேட்டுட்டாரு."

எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சேர் முன்னாலேயே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ராத்தா அதை வேண்டுமென்று சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. மச்சானின் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. விவாதத்துக்கு முதல் நாள் அவர் அதைச் சொன்னார்.

"சபையில கேள்வி கேக்க விடுவாங்கதானே. அவன்ட வாய மூட என்னிட்ட ஒரே ஒரு கேள்வி இரிக்கு."

"என்ன கேள்வி?"

"குண்டு போட்டது பாவமெண்டு பேசுறவர், தொண்ணூறில என்ட வாப்பாவ வெட்டினதுக்கு என்ன பேர் வச்சிரிக்காரு?"

துசாந்தன் அப்போது பிறந்திருக்கவுமில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வி எழுந்தால் அவரால் பதில் சொல்ல முடியாது. பதிலுக்கு வாகரை வரும். பாதிச் சபை எழும்பிப் போகும். பிறகு எந்த விவாதமும் நடக்காது.

"அதக் கேட்டா நான் வெல்லுவன்" என்றாள் ராத்தா மெதுவாக. "ஆனா கேட்டீங்கண்டா, ஏறாவூருக்குப் போய் அங்கயே இருங்க. பகிடிக்குச் சொல்லல்ல."

"அவனுக்காக என்ன வெளிய போகச் சொல்றியா?"

"உங்கட வாப்பாவுக்காகச் சொல்றன். அவர ஒரு பட்டிமன்றத்தில வெல்ல எடுத்துப் போடாதீங்க."

மறுநாள் பின்னேரம் மூவரும் ஓட்டோவில் மட்டக்களப்புக்குப் போனோம். மச்சான் பெருநாள் சேட் போட்டிருந்தார். வழியில் ராத்தா தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் மறந்துபோனாள்.

வாவியைப் பார்த்த மண்டபம் நிறைந்திருந்தது. நடுவர் வினாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற அதிபர், மணியைத் தட்டித் தொடங்கிவைத்தார். ராத்தா நன்றாகப் பேசினாள். படை இறங்கியிருந்தால் இரு பக்கமும் இன்னும் எத்தனை இலட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று கேட்டாள். "டோக்கியோவைத் தீக்குண்டுகளால் எரித்தார்கள். அதற்கு யாரும் விவாதம் வைப்பதில்லை. செத்தவர்களுக்கு ஆயுதத்தின் பெயரா முக்கியம்? நாளுக்கு நாள் ஆட்களைத் தின்னும் ஒரு யுத்தத்தை நிறுத்தக்கூடியவன் நிறுத்தாமல் இருப்பது மட்டும் தருமமா?" சபையில் பலர் தலை குனிந்திருந்தார்கள். அவர்கள் ஜப்பானை நினைக்கவில்லை.

துசாந்தன் எழுந்தார். "யுத்தத்தை முடிக்கலாம். யாரை முடித்து? அன்று காலையில் வேலைக்குப் போனவரும் பள்ளிக்கூடம் போன பிள்ளையுமா அந்த யுத்தத்தை நடத்தினார்கள்?" குரல் நல்ல குரல். முன்வரிசையில் ஒரு முதியவர் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு அது?" என்று மச்சான் என்னிடம் கேட்டார்.

பக்கத்திலிருந்தவர் முந்திக்கொண்டார். "கனகசூரியம். தம்பிட அப்பா. மாங்கேணியில மீன்பிடி. மகன்ட பேச்சக் கேக்க விடியவே பஸ் ஏறினவராம்."

மச்சான் அந்த முதியவரையே பார்த்தார். ராத்தாவைத் துசாந்தன் பார்த்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு எரிச்சலை நான் காணவில்லை.

சபையினரைக் கேள்வி கேட்க அழைத்தார்கள். மச்சான் எழுந்துவிட்டார். ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது.

"என்ட பேர் றிஸான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏறாவூர்."

கதிரைகள் அசையும் சத்தம் நின்றுபோனது. ராத்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துசாந்தன் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றார். என்ன வரும் என்று அவருக்கும் விளங்கிவிட்டது. விளங்காதவர் ஒருவர்தான். கனகசூரியம் கதிரையில் முழுதாகத் திரும்பி, காதோரம் கையைக் குவித்து, மகனிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் வாயைத் திறந்தார். அவர் கண் அந்த முதியவரின் குவித்த கையில் நின்றது.

"கேள்வியக் கேளுங்க தம்பி" என்றார் வினாயகமூர்த்தி.

"கேள்வி... றுமானா ரீச்சருக்கு" என்றார் மச்சான். "ஜப்பான்காரன் கடைசி வரைக்கும் கேட்டது, எங்கட மன்னர் இருக்கணும் எண்டுதானாம். ஒரு நிபந்தனையும் இல்லாம சரணடை எண்டாங்க. ரெண்டு ஊர எரிச்சாங்க. பிறகு மன்னர இருக்க விட்டாங்க. கடைசியில குடுக்கப் போறத முதலே குடுத்திருந்தா, அந்த ரெண்டு ஊரையும் என்னத்துக்கு எரிச்ச?"

இதைத் துசாந்தன் சேர் கேட்டிருக்கவில்லை.

ராத்தா அவரை வெறித்துப் பார்த்தாள். "அது... அன்றைக்கு அவர்கள் அதை ஏற்றிருப்பார்கள் என்பதற்கு..." என்று தொடங்கினாள். இராணுவம் விட்டிருக்காது என்றாள். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றாள். நிச்சயமாகத் தெரியாமலா போட்டார்கள் என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். மணி அடித்தது.

நடுவர் தீர்ப்பில் ஏறாவூர்த் தம்பியின் கேள்வியைப் பெயர் சொல்லி எடுத்துச் சொன்னார். வெற்றி துசாந்தனுக்கு. கனகசூரியம் எழுந்து நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தித் தட்டினார்.

ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறும் வரை ராத்தா பொரிந்து தள்ளினாள்.

"ஊரில புருசன்மார் பொண்டாட்டி வெல்லணுமெண்டு துஆக் கேப்பாங்க. நீங்க எழும்பி நிண்டு என்னத் தோக்கடிச்சீங்க. அதுவும் யாருக்கிட்ட!"

"மத்தக் கேள்வியக் கேட்டிருக்கணுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"கேட்டிருப்பன். கேக்கத்தான் எழும்பின." அவர் வீதியைப் பார்த்தபடியே ஓட்டினார். "அந்த மனிசன் காதில கைய வச்சிட்டு இரிக்காரு. அவன நோக்கிப் போட்டாலும் அவர்ட தலையிலதானே விழும். அவரும் ஒரு புள்ளையத் தொலைச்சவராம்."

பாலத்தில் எதிர்க்காற்று அடித்தது. நான் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

"எழும்பி நிண்டு கை தட்டினாரு, கண்டியா?" என்றார் மச்சான், கொஞ்சநேரம் கழித்து.

"கண்டன்."

"விடியவே பஸ் ஏறி வந்தாராம்." ஹோர்னைத் தேவையில்லாமல் ஒரு தடவை அடித்தார். "அவனுக்கென்ன குறை."

தோல்வியைப் பற்றி ராத்தா அதற்குப் பிறகு பேசவில்லை.