தனக்கோடியின் சுவர்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் தனக்கோடி சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "இன்னிக்கும் ஊறிக்கினுதான் கீது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத்தான் பால் வைப்பாள். போன மழையில் அந்தச் சுவரில் விட்ட விரிசலுக்குள் இப்போது விரல் நுழைகிறது. வீடு ஒரே அறைதான். சுவரோரத்தில் அவள் மகள் சிந்து கைக்குழந்தையோடு படுக்கிறாள். இந்த வருஷ மழைக்குச் சுவர் நிற்குமா என்பதே தனக்கோடியின் ஒரே கவலை.

சுவருக்கு அந்தப் பக்கம் காலி சைட்டு. மீன்கடைக் கழிவு, இளநீர் மட்டை, கிழிந்த மெத்தை என்று ஸ்ரீராம்புரத்துக் குப்பையில் பாதி அங்கேதான் வந்து விழுகிறது. சுவரின் பாதி உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் அது ஊறி, அந்த ஈரத்தையெல்லாம் இவள் சுவருக்குள் இறக்கிவிடும்.

தனக்கோடிக்குத் தொழில் பழைய பேப்பரில் கவர் ஒட்டி மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பது. வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து, மைதாப் பசையை மூன்று விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். ஒட்டும்போது பேசமாட்டாள். பேச வேண்டியிருந்தால் கையை நிறுத்திவிட்டுத்தான் பேசுவாள். எதிர்வீட்டுக்காரனான நான் பார்த்தவரை, சமீபகாலமாக அவள் கையை நிறுத்துவதெல்லாம் அந்தக் குப்பைக்காக வந்துபோகும் மாநகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டருக்காகத்தான்.

காலி மனையில் குப்பை சேர்ந்தால் உரிமையாளர்தான் அள்ள வேண்டும், அள்ளாவிட்டால் நோட்டீஸ். அதை அவர் கையில் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மனையிலேயே ஒட்ட வேண்டும். உரிமையாளர் வெங்கடகிருஷ்ணன் ஜெயநகரில் இருப்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியாதாம். மனைக்குக் கதவும் கிடையாது, காம்பவுண்டும் கிடையாது. அதனால் இவள் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரெல்லாம் குப்பை இவளுடையது என்று நினைத்து முறைத்தார்கள்.

ஒட்டிய நோட்டீஸ் ஈரத்தில் மறுநாளே கழன்று விழுந்தது. இன்னொன்று ஒட்டினார், அதுவும் விழுந்தது. "நோட்டீஸ் நிக்கலைன்னா ஓனருக்குக் குடுத்த மாதிரி ஆகாதும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று கன்னடம் கலந்து சொன்னார் இன்ஸ்பெக்டர்.

தனக்கோடியின் கை நின்றது. "குப்பையாலதான் சார் செவுரு ஊறுது. ஊறுன செவுத்துலயே ஒட்டிட்டு, நிக்கலன்னு நீயே சொன்னா எப்டி?"

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். இப்படியும் வெட்கங்கெட்ட ஒரு நியாயம் உண்டா? விழுந்து கிடந்த நோட்டீஸை அவள் எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்தாள்.

வெங்கடகிருஷ்ணன் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். மனையை யாரும் வளைத்துப்போடவில்லையே என்று பார்க்க எப்போதாவது தானே காரை ஓட்டிக்கொண்டு வருவார். மழைக்கு முன்னால் ஒரு காலையில் வந்தார். மூக்கில் கைக்குட்டையோடு நின்றவருக்குத் தனக்கோடி விரிசலைக் காட்டினாள்.

"கொழந்த படுத்துக்கினு கீற எடம் சார். மழைக்கு முன்னாடி அள்ளிடு சார்."

"அள்ளினா நாளைக்கே எவனாவது குடிசை போட்டுடுவான்மா. அந்தக் குப்பைதான் எனக்கு வாட்ச்மேன்" என்றார். குரலில் கூச்சமே இல்லை. "அதோட, எனக்கு நோட்டீஸ் எதுவும் வரலியே."

சுவர் பிள்ளைமேல் சரிந்தாலும் மண் பத்திரமாக இருந்தால் போதும் இந்த மனிதருக்கு. படித்து, பெரிய பதவியில் இருந்து, பென்ஷனும் வாங்குகிறவர். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

எல்லைக் கல்லைப் பார்க்க அவர் மனையின் மறுகோடிக்குப் போனார். தனக்கோடி உள்ளே போய் அந்த நோட்டீஸை எடுத்து வந்தாள். பலகையில் குப்புறப் போட்டு மூன்று விரலால் பசையை இழுத்தாள். காரின் முன்கண்ணாடியில், டிரைவர் உட்காரும் பக்கம், புறங்கையை வைத்துப் பார்த்தாள். சொட்டு ஈரமில்லை. நோட்டீஸை அங்கே வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

"ஏய், என்ன பண்றே" என்று கத்திக்கொண்டு அவர் ஓடி வந்தார். அவள் திரும்பவில்லை. கடைசி மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்; அது பிடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.