கிளி கடித்த கம்பி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். என் அக்காள் கணவர் கெல்வின் சிக்கனக்காரர். ஒரே பொய்யில் முடித்துவிட்டார்.

அந்தப் பொய் இதுதான். மனிதன் முதன்முதலாக நிலாவில் கால் வைத்த அன்று, வடக்கே கடலோரத்தில் வாரிண்டி என்ற ஊரில் இருந்த விண்வெளித் தொடர்பு நிலையத்தில் கெல்வின் வேலையில் இருந்தாராம். நேரம் பார்த்து, கலா என்கிற ரோஜா நிறக் கிளி ஒன்று கூரைமேல் ஓடிய கம்பியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டதாம். பெரிய பெரிய இன்ஜினியர்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட, கெல்வின் ஏணியில் தாவி ஏறி, அறுந்த இரண்டு முனைகளையும் வெறும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நிலாவில் இறங்கியவர் பேசியது அத்தனையும் கெல்வினின் உள்ளங்கை வழியாகத்தான் உலகத்துக்குப் போனதாம். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று தனித்தனியாகச் சொல்வோமே, இது இரண்டும் சேர்ந்தது.

பெர்த் நகரத்தில் ஒரு நடன விருந்தில் அவர் இதை அவிழ்த்துவிட்டபோது என் அக்காள் கோரலுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளக் கோதுமைப் பண்ணைக்காரர் ஒருவர் காத்திருந்தார். நிலாவைத் தொட்ட கை கிடைக்கும்போது டிராக்டர் ஓட்டும் கை எதற்கு என்று அவரை விட்டுவிட்டாள். அந்தப் பண்ணைக்காரரைப் பிறகு நான் கட்டிக்கொண்டேன். போய்ச் சேரும்வரை அவர் ஒரு பொய் சொன்னதில்லை. பொய் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே!

கல்யாணத்துக்குப் பிறகு கெல்வின் தரைவிரிப்புக் கடையில் விற்பனைக்கு நின்றார். விண்வெளி வேலை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், நிலாவைப் பார்த்தவனுக்கு வேறு மெஷின் எதுவும் பிடிக்காது என்பார். வீட்டில் ஃபியூஸ் போனால் ஆள் கூப்பிடுவார். பாத்திரம் மட்டும் தேய்க்கவே மாட்டார். அன்றைக்குப் பாய்ந்த மின்சாரத்தில் விரல் நரம்பு கெட்டுப்போய்விட்டதாம், தண்ணீர் பட்டால் மரத்துவிடுமாம். மீன் பிடிக்கப் போனால் அதே விரல்கள் இடுப்பளவு கடல் நீரில் நாள் முழுக்க நன்றாகவே வேலை செய்யும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று? என் அக்காளின் புத்தி பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குள் போயிற்று.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் நாட்டுக் கிழவர்கள் எல்லோரையும் போல இவரும் காரின் பின்னால் ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் போன பிறகு, ஐஸ் பெட்டியோடு பின் சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எந்த ஊரில் கேரவனை நிறுத்தினாலும் மாலையில் ஆளுக்கொரு நாற்காலியும் பீரும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்வது வழக்கம். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் கிளி வந்துவிடும். நான் எழுந்து துணி காயப்போடப் போய்விடுவேன்.

ஆனால் வாரிண்டிப் பக்கம் மட்டும் கெல்வின் வண்டியை விட்டதே இல்லை. போன குளிர்காலத்தில் வெயிலைத் தேடி வடக்கே போகும்போது கோரல் பிடித்துக்கொண்டாள்.

"கெல்வின், உன் பழைய நிலையத்த விமானம், ராக்கெட்டு எல்லாம் வச்சு மியூசியமா ஆக்கிட்டாங்களாம். போற வழிதான். பாத்துட்டுப் போவோம்."

"அங்க என்ன இருக்கு? ஒரே ஈ."

"ஈ எங்கதான் இல்ல?"

"வெயில் வேற."

"நிலாவையே கையில புடிச்ச மனுஷன், வெயிலுக்குப் பயப்படுறியே!" என்றேன் பின் சீட்டிலிருந்து.

"வெர்னா, உன்கிட்ட யாரு கேட்டா?"

கோரல் அவர் பக்கம் திரும்பினாள். "உன் பேரச் சுவத்துல எழுதியிருப்பாங்க. நான் அதப் பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கெல்வின் வண்டியை வாரிண்டிப் பக்கம் திருப்பினார். குட்டு உடையப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். நல்ல குணம் இல்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மியூசியம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசலில் பழைய விமானம் ஒன்று, சக்கரத்தில் காற்றில்லாமல் நின்றது. உள்ளே விண்வெளி உடை போட்ட பொம்மை. துணிக்கடையிலிருந்து வாங்கியது போலும், கண்ணாடி மூடிக்குள் உதட்டுச் சாயத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. கோரல் சுவர் சுவராகப் போய்ப் படித்தாள். கெல்வின் பெயர் எங்கும் இல்லை.

"விட்டுப்போயிருக்கும். கேட்டா எழுதிடுவாங்க" என்றாள்.

சுற்றிக்காட்டியவர் ரெக்ஸ் என்ற கிழவர். சம்பளமில்லாத தொண்டர், ஆனால் நெஞ்சு நிறைய பேட்ஜ். எங்களைப் போலவே கேரவனில் வந்த இருபது முப்பது பேர் அவர் பின்னால் நடந்தோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ரெக்ஸ் நின்றார். உள்ளே பஞ்சடைத்த ரோஜா நிறக் கிளி. அதன் அலகருகே அறுந்த கம்பி ஒன்று.

"நிலாவுல மனுஷன் எறங்கப்போற நேரம். இந்தக் கிளி கம்பியக் கடிச்சிருச்சு. எல்லாரும் அப்படியே ஆடிப்போயிட்டாங்க. அப்ப ஒருத்தன் மட்டும் ஏணில ஏறி, ரெண்டு முனையையும் வெறுங்கையால புடிச்சான்." ரெக்ஸ் தன் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினார். "இந்தக் கைங்கதான்."

எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். நான் கெல்வினைப் பார்த்தேன். பேயறைந்தது போல நின்றார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் கோரல். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியிருந்தாள். "நீங்க தப்பாச் சொல்றீங்க. கம்பியப் புடிச்சது என் வீட்டுக்காரர். தோ, இங்கயே நிக்கிறார்."

ரெக்ஸ் கெல்வினைப் பார்த்தார். கெல்வின் ரெக்ஸைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை.

"அ... அப்படியா? சரி, வாங்க, வாங்க, அடுத்தது பாராசூட்" என்று ரெக்ஸ் ஓட்டமும் நடையுமாகப் போனார். கெல்வின் கழிப்பறை எங்கே என்று முனகிக்கொண்டு எதிர்ப்பக்கம் கம்பி நீட்டினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, யார் சொல்வது நிஜம் என்று கேன்டீனில் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்தது.

நானும் கோரலும் கெல்வினைத் தேடிக்கொண்டு வெளியே போனோம். வாசல் விமானத்தின் றெக்கைக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. கோரல் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஐயா, காட்டிக்கொடுத்துடாதீங்க." இது ரெக்ஸ். அழுகிற குரல். "என்னிக்காவது நெசமான ஆளு வந்து நிப்பாருன்னு பயந்துகிட்டேதான் இருந்தேன். நான் இங்க வேலையே பாக்கலைங்க. இந்த நிலையத்துக் கக்கூஸ் தொட்டிய எறைக்கிற லாரி ஓட்டினேன். இத வுட்டா எனக்கு வேற நாதியில்லைங்க."

"என்னங்க சொல்றீங்க? நீங்கதான நெசமான ஆளு?" இது கெல்வின். "நான்ல உங்க கால்ல வுழலாம்னு வந்தேன்! நான் ரொட்டி வண்டிக்காரன். பின்வாசல்ல ரொட்டிய எறக்கி வச்சுட்டுப் போறவன்."



"அப்ப கம்பியப் புடிச்சது யாரு?" என்றார் ரெக்ஸ்.

"தெரியாது. சாராயக்கடையில ஒருத்தன் சொல்லிக்கிட்டிருந்தான்."

"மூக்கு ஒடஞ்சவனா? எனக்கும் அவன்தான்யா சொன்னான்!"

என்னால் அடக்க முடியவில்லை. பாவாடையை வாயில் திணித்துக்கொள்ளாத குறை. ஆனால் கோரல் சிரிக்கவில்லை. றெக்கையைக் குனிந்து தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"கோரல்..." என்றார் கெல்வின்.

"ரொட்டியா?"

"கேளு, அது வந்து..."

"கைய நீட்டு." அவர் நீட்டினார். அவள் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அவர் கை வழவழவென்று இருந்தது. அவளுடையது சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெடித்துக் கிடந்தது. "நரம்பு கெட்டுப்போன கை எதுன்னு இவர்கிட்ட கேளு, கெல்வின்."

ரெக்ஸ் தரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காளின் கையை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு சுத்து இருக்குல்ல?" என்றாள் ரெக்ஸிடம். "அதே கிளி முன்னாடி ரெண்டு பேரும் நின்னு, யாரு என்ன வேல பாத்தீங்கன்னு அப்படியே சொல்லுங்க. எல்லார் முன்னாடியும். சொல்லிட்டா, கெல்வின், உன்கூட வண்டில ஏறுறேன். சொல்லலேன்னா பெர்த் பஸ்ஸு வாசல்லயே நிக்குது."

"எல்லாரும் காறித் துப்புவாங்களே, கோரல்!"

"துப்பட்டும்."

காலையில் வந்த கூட்டம் முழுவதும் மதியச் சுற்றுக்குத் கையில் தேங்காய்த்தூள் உதிரும் லாமிங்டன் கேக்கோடு வந்து நின்றது. கெல்வின் தொண்டையைச் செருமினார். கோரல் முதல் வரிசையில் கைகட்டி நின்றாள்.

"நான்... நான் கம்பி எதையும் புடிக்கல. ரொட்டி வண்டி ஓட்டினேன். ரொட்டி கொண்டாந்து போட்டேன். அவ்வளவுதான்."

"நான் கக்கூஸ் தொட்டி எறைச்சேன்" என்றார் ரெக்ஸ். "சத்தியமா, அவ்வளவுதான்."

கெல்வின் கண்ணை மூடிக்கொண்டார். வரப்போகும் வசவுக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அகலத் தொப்பி போட்ட தடியர் ஒருவர் தழுதழுத்த குரலில் சொன்னார்: "இப்படித்தான் சொல்வாங்க. எங்கப்பா போருக்குப் போயிட்டு மெடலோட வந்தாரு. என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, உருளைக்கிழங்கு உரிச்சேம்பாரு. சாகுறவரைக்கும் அதேதான் சொன்னாரு."

"எங்க மாமாவும் அப்படித்தான்!" என்றது இன்னொரு குரல்.

அவ்வளவுதான். கொட்டகை அதிரக் கைதட்டல். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? நான்தான் செய்தேன் என்று மார் தட்டுகிறவனை ஓட ஓட விரட்டுவார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறவனைத் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். காலையில் ஒருவன்தான் நிஜம் என்று சண்டை போட்டவர்கள், மதியம் இரண்டு பேருமே நிஜம், ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"ஐயோ, நெசமாவே ரொட்டிதாங்க!" என்று கெல்வின் கத்தினார்.

"சரிங்க, சரிங்க, ரொட்டிதான்" என்று தடியர் கண்ணடித்தார். கக்கூஸ் தொட்டி இறைத்தவரைக் கட்டிப்பிடித்து ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டாள்.

கெல்வின் முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மாறுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது, கண் மட்டும் தாழ்ந்தது. "யாராவது ஒருத்தர் ரொட்டி கொண்டாரணும்ல?" என்றார், இத்தனை வருஷமாகப் பொய் சொன்னபோதுகூட வராத ஒரு தன்னடக்கத்தோடு. கைதட்டல் இன்னொரு தடவை எழுந்தது. பாவி மனுஷன்! நிஜத்திலும் லாபம் பார்த்துவிட்டான்.

கோரல் சொன்னதை அவர் செய்துவிட்டார், ஒரு எழுத்துக் குறையவில்லை. இனி அவளும் சொன்னபடி வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும்.

வெயில் தொப்பி போட்ட ஒரு அம்மாள் நெகிழ்ந்துபோய் கோரலின் தோளைத் தொட்டாள். "கொடுத்து வச்சவங்க நீங்க. உங்க வீட்டுக்காரர் எப்பவுமே இவ்வளவு அடக்கம்தானா?"

கோரல் கெல்வினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் மொத தடவ."

அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டு, அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.