கடலோரப் பாதையில் ஹெஸ்டர்

ஹெஸ்டர் ரிட்லர் எங்கள் லிண்டன் ஊரில் முதலில் தபால்காரியாக இருந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று அந்த வேலையை விட்டவள், அதைவிட அதிகம் நடக்க வேண்டிய வேலையில் போய்ச் சேர்ந்தாள். என் விடுதியில் ஒரு வாரம் தங்கி, எக்ஸ்மூர் மேட்டுவெளியிலும் கடலோரத்திலும் நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி அவள்தான். காலையில் நான் கட்டிக்கொடுக்கும் சாண்ட்விச்சுகளோடு புறப்படும் கூட்டத்தைச் சாயங்காலம் சேறும் சிரிப்புமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

கடைசியாக வருகிறவருக்குத் தான் கடைசி என்று தெரியவே விடமாட்டாள். யாராவது பின்தங்கினால், அவர் வந்து சேரும்வரை குனிந்து தன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள். அவள் அதிகம் லேஸ் கட்டியது கிளிஃபர்ட் ஆக்டனுக்காகத்தான். பிராட்ஃபோர்டில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனி ஆள், ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருவார். ஆமை வேகம்.

ஒரு வசந்தத்தில், மழைக்குப் பிறகு பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஹெஸ்டர் தனியாகப் போனாள். உட்டி பே காட்டைத் தாண்டியதும் பாதை ஒற்றையடியாகிவிடும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கீழே கடல். அங்கே அவள் காலடியில் மண் சரிந்தது. ஒரு முட்புதர்தான் அவளைத் தாங்கிப் பிடித்தது. கை நிறைய முள்ளோடு என் சமையலறைக்கு வந்தவள், "புதர்ல விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கோடையில் அவள் யாரையும் அந்தப் பக்கம் அழைத்துப் போகவில்லை. ஒருநாள் காற்று என்பாள், மறுநாள் பாதையை அடைத்துவிட்டார்கள் என்பாள். எல்லோரையும் மேட்டுவெளிக்கே நடத்தினாள்.

"மேட்டுல இந்த ஹெதர் பூவையே பார்த்துப் பார்த்து என் கனவுகூட ஊதா கலர்ல வருது. கடலைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க, ஹெஸ்டர்" என்றாள் மியூரியல் டாப்ஸ்காட். விடுதியில் தங்கியிருந்த வாய்த்துடுக்கான கிழவி.

அது கிளிஃபர்ட் வந்திருந்த வாரம். மறுநாள் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காரணம் சொல்ல வழியில்லாமல் ஹெஸ்டர் புறப்பட்டாள். எனக்கும் கடல் பார்க்க ஆசையாக இருந்தது; கூடவே போனேன்.

காடு முடிந்த இடத்தில் ஹெஸ்டர் குனிந்து லேஸைக் கட்டினாள். அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கிளிஃபர்ட் வந்து சேர்ந்த பிறகும் அவள் நிமிரவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹெஸ்டர், ஒரு உதவி. கீழ பார்த்தா எனக்குத் தலை சுத்துது. என் பையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்றீங்களா?"

"பொய் சொல்றீங்க, கிளிஃபர்ட்."

"ஆமா."

வசந்தத்தில் தன் காலடியில் மண் சரிந்ததை அவள் சொன்னாள். "காலை எடுத்து வைக்கணும்னு நினைக்கிறேன். கால் கேக்க மாட்டேங்குது."

"அப்ப திரும்பிடலாம். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் கடைசி. எனக்கென்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வளைவு வரைக்கும் போய்ப் பார்ப்போம்" என்றாள்.

அவர் முன்னால் நடந்தார். அவருடைய பைவாரை இறுகப் பிடித்துக்கொண்டு, பையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் அவள் நடந்தாள். "அடுத்த ஸ்டாப், வழுக்குப் பாறை. பார்த்து இறங்குங்க" என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டே போனார். முன்னால் போன மியூரியல் திரும்பிப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "டிரைவர், இந்த பஸ் டீக்கடையில நிக்குமா?" என்றாள். வளைவு வந்தது, போனது. ஹெஸ்டர் அழுதுகொண்டே நடந்தாள், ஆனால் நிற்கவில்லை.

பள்ளத்தாக்கில் இருந்த கடையில் டீயும் ஸ்கோன் ரொட்டியும் வந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"பாதையை யாரும் அடைக்கல. நான்தான் பொய் சொன்னேன். எனக்குப் பயம்."

மியூரியல் ஸ்கோனில் க்ரீமைத் தடவிக்கொண்டே, "எனக்கு மாடுன்னா பயம். நேத்து மாட்டு வயல்ல உங்க முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சு வந்தேனே, தெரியலையா? உக்காருங்க, டீ ஆறுது" என்றாள்.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. இப்போதெல்லாம் முதல் நாள் சாப்பாட்டிலேயே ஹெஸ்டர் அதைச் சொல்லிவிடுகிறாள். அந்த இடம் வந்ததும் யாராவது ஒருவர் அவள் முன்னால் போய் நிற்பார்.

அந்தக் குளிர்காலத்தில் கிளிஃபர்டுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிராட்ஃபோர்டுக்கு ரயிலேறிய ஹெஸ்டர், அவரைத் தினமும் கால்வாய்க் கரையில் கைத்தாங்கலாக நடக்க வைத்து, ஈஸ்டருக்கு அவருடைய இரண்டு பெட்டிகளோடும் அவரோடும் திரும்பினாள். இப்போது காலையில் என் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது கிளிஃபர்ட்தான். கொஞ்சம் அதிகமாகவே தடவுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.